வண்டி நிறைய வெள்ளம்

என் மூத்த மகனுக்கு மூன்று வயது திகைய, அதாவது நிறையப் போகிற சமயத்தில் முடி இடுப்பு வரைக்கும் கிடந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் பெண்பிள்ளை என்று நினைத்து, "மக்கா, உன் பேரு என்னட்டி?" என்று கேட்பார்கள். அவன் பதில் சொல்லாமல் ஓடிவிடுவான்.

மூத்தவன் என்கிறேனே, அவனுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி நாற்பது நாள் இருந்தாள். அடுத்தவன் பேர் வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டான். இவன் வயிற்றில் இருக்கும்போது என் வீட்டுக்காரி திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை தங்கினால், மூன்று வயது திகைவதற்குள் கடற்கரையில் கொண்டுவந்து முடி இறக்குவேன், அதுவரை தலையில் கத்தி படாது என்று. பிள்ளை கார்த்திகையில் பிறந்தான். தங்கினான்.

முதல் வருசம் போகலாம் என்று இருந்தபோது ஊரில் வைசூரி வந்தது. வீட்டுக்கு வீடு வேப்பிலை கட்டியிருந்தது, வெளியூரில் யாரும் எங்களைச் சேர்க்க மாட்டார்கள். இரண்டாவது வருசம் அவள் அம்மை செத்துப்போனாள், துட்டி வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகக்கூடாது. மூன்றாவது வருசத்து ஐப்பசிதான் கடைசி. கந்த சஷ்டிக்குப் போய்த் திரும்பினால் சரி. அது தப்பினால் கார்த்திகை வந்துவிடும்.

தனியாகப் போக முடியாதா என்று இப்போது கேட்பார்கள். தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து திருச்செந்தூருக்கு மாட்டு வண்டியில் நாலு நாள் பாடு. எங்கள் ராஜ்யத்து எல்லை தாண்டிவிட்டால் வெள்ளைக்காரன் சீமை. அதற்குமேல் தேரி என்று சிவப்பு மணல் காடு. அதற்குள் ஒற்றை வண்டி போனால் போனதுதான். பஸ் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. நாகர்கோவில் போய், திருநெல்வேலி போய், ரயில் ஏறலாம். ஆனால் என் வீட்டுக்காரிக்கு பஸ்ஸின் புகை மணம் தூரத்தில் வந்தாலே ஓங்கரிப்பு வரும். ஒரு தடவை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகையில் பாதி வழியில் இறங்கி, மீதியை நடந்தே போனாள். நானும் கூட நடந்தேன். அது வேறு கதை.

நான் வீடு வீடாகப் போய்ப் பேசி ஏழு வண்டி சேர்த்தேன். சேர்த்த பிறகு தக்கலைக்கு, வழிக்காரரிடம் போனேன்.

வழிக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். முன்னே வண்டி ஓட்டினவர். கருப்புக்கட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கிழக்கே போய்ப் போய், எந்த ஊரில் எந்தக் கிணறு, எந்தச் சத்திரத்தில் மூட்டைப்பூச்சி, எந்த இறக்கத்தில் மாடு மிரளும் என்று அத்தனையும் தெரியும். ஒரு மாடு உதைத்து முழங்கால் முட்டு போனபிறகு சந்தைக்குப் பக்கத்தில் வண்டிப் பேட்டையில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டமாக யாத்திரை போகிறவர்கள் அவரிடம் கேட்டுத்தான் புறப்படுவார்கள். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதுபோல. நான் ஒரு குலை பழம் கொண்டுபோய் வைத்தேன்.

"எத்தன பேரு?" என்றார்.

"நாப்பது பேரு இருக்கும் அண்ணாச்சி."

"இருக்கும்னா? எண்ணிப் பாக்கலியா?"

விரலை மடக்கி எண்ணினேன். "முப்பத்தெட்டு."

"அதில கைப்பிள்ளைக்காரிய எத்தன? நடக்க மாட்டாதவங்க எத்தன? சண்ட போட்டுட்டுப் பேசாமக் கெடக்கவங்க யாராம் உண்டுமா?"

"அது எதுக்கு அண்ணாச்சி?"

"சொல்லும். அதுதான் முக்கியம்."

என் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு வரப்பு விசயத்தில் ஆறேழு வருசமாகப் பேச்சு கிடையாது. அதைச் சொன்னேன்.

"ரெண்டு பேரையும் ஒரே வண்டியில போடும். அந்த வண்டி சத்தமில்லாமப் போவும்."

பிறகு தரையில் கல் பரத்தினார். ஒரு கல் கோட்டாறு, ஒரு கல் சுசீந்திரம், ஒரு கல் அஞ்சுகிராமம், அடுத்தது எல்லைச் சாவடி. ஒவ்வொரு கல்லிலும் மாட்டை எங்கே அவிழ்ப்பது, சோறு எங்கே பொங்குவது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் கல் வைக்காமல் ஒரு சாண் விட்டுவிட்டு அந்தப்பக்கம் ஒரு கல் வைத்தார்.

"இதுக்கு இடையில ஒண்ணும் கெடையாது, மணலுதான். இந்தக் கடைசியில ஒரு சத்திரம், ஒரு கிணறு. அத நம்பித்தான் போணும். அஞ்சு வண்டிக்குக் கொறஞ்சு இதுக்குள்ள எறங்கப்பிடாது. கிழக்க இந்த ஆண்டு மழை பிந்திக் கெடக்குன்னு கேட்டேன். எதுக்கும் சத்திரத்துக் காரியக்காரருக்கு ஒரு கடிதாசு போட்டுக் கேட்டுக்கிடுவோம்."

எனக்கு எழுத்து தெரியாது. இன்றைக்கும் தெரியாது, நான் சொல்ல மகள் எழுதுகிறாள். அவருக்கும் தெரியாது. இரண்டு பேருமாகப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் போனோம். வாத்தியாருக்கு மேற்கே களியக்காவிளை. நல்ல மனுசன். எழுத்து முத்துப்போல இருக்கும் என்று பேர். எங்கள் ராஜ்யத்து அஞ்சல் எல்லைக்குள்தான் ஓடும் என்பதால், கிழக்கே அனுப்ப வெள்ளைக்காரன் தபால் கார்டு ஒன்று வாங்கிவந்திருந்தோம்.

வழிக்காரர் சொல்லச் சொல்ல வாத்தியார் தலையாட்டினார். ஆனால் எழுத ஆரம்பித்தவர், பெரியோர்களாகிய தங்கள் சமூகத்துக்கு என்று தொடங்கி, முருகன் கிருபை, இவ்விடம் சேமம், அவ்விடம் சேமத்துக்கு என்று எழுதியதில் கார்டு நிறைந்துபோனது. அடியில் ஒரு வரிக்குத்தான் இடம். கிணறு, முப்பத்தெட்டு ஆள், பதினாலு மாடு எல்லாம் போய்விட்டது. வாசித்துக் காட்டினார். "ஐப்பசியில் வண்டிகளில் வருகிறோம். அவ்விடம் வெள்ளம் உண்டோ இல்லையோ என்று மறுதபாலில் அறிவிக்கவும்."

"சரிதான்," என்றார் வழிக்காரர். நானும் சரிதான் என்றேன். எங்கள் பக்கத்தில் குடிப்பதும் வெள்ளம், குளிப்பதும் வெள்ளம். பிறந்தது முதல் அப்படித்தான். கிழக்கே போனால் வழிக்காரரும் தண்ணி என்றுதான் பேசுவார். ஆனாலும் அன்றைக்குக் கேட்டுக்கொண்டு நின்ற மூன்று பேர் காதிலும் அது உறுத்தவில்லை. இதைப் படிக்கிற கிழக்கத்திக்காரர்களுக்கு இப்போதே சிரிப்பு வரும். எங்களுக்கு வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வாத்தியாரே எங்கள் களத்துக்குக் கொண்டுவந்து, வண்டிக்காரர்கள் எல்லாரும் கூடி நிற்க வாசித்தார்.

"வெள்ளம் கிடையாது. இனி வரும்போலவும் தோன்றவில்லை. தைரியமாகப் புறப்பட்டு வரவும்."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னோம், அதேதான்.

"இனி வரும்போலவும் இல்லியாம்," என்றார் மாமா. "எழுதி வச்சிருக்கான் பாரு, ஒரு கூசல் இல்லாம."

சித்தப்பா மாமாவோடு பேசமாட்டார் அல்லவா, என்னைப் பார்த்துச் சொன்னார். "மக்கா, தைரியத்தக் குடிச்சா தாகம் தீருமான்னு அவருகிட்ட கேளு."

"கிழக்கத்திப் பாண்டிக்காரனுக்கு ஏத்தத்தப் பாத்தியளா!" என்றாள் என் மயினி, அண்ணன் பெண்டாட்டி. "நாக்கு வறண்டு சாவ வாருங்கன்னு கார்டு போட்டுல்லா கூப்பிடுகான்."

அங்கேயே நாலு வண்டி இல்லை என்று ஆகிவிட்டது. கைப்பிள்ளைக்காரிகள் இருக்கிற வண்டிகள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மிச்சம் மூன்று.

என் வீட்டுக்காரி களத்து ஓரத்தில் பிள்ளையை மடியில் வைத்துச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான், "கார்த்திகையில திகையுமே," என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். அஞ்சு வயதில் முடி இறக்குகிறவர்களும் உண்டு, வாக்கை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன். இரண்டு பேரைக் குழியில் வைத்தவளிடம் அதைச் சொல்லக்கூடாது.

மறுநாள் விடிந்ததும் தக்கலைக்கு ஓடினேன். வழிக்காரர் கார்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கிணறு வத்தி நான் கண்டதில்ல. எங்க அப்பன் கண்டதில்ல."

"அப்பம் பொய்யா எழுதியிருக்காரு?"

"பொய் எழுதுகதுக்கு அவருக்கு என்ன? எழுத்துல்லா வந்திருக்கு," என்றார். முப்பது வருசம் அவர் குடித்த கிணறு. ஆனாலும் கார்டில் மை காய்ந்து கிடக்கிறதே. எழுத்து தெரியாதவர்களுக்கு அதன்மேல் இருக்கிற பயம் எழுத்து தெரிந்தவர்களுக்குப் புரியாது. வாய்ச்சொல் என்றால் நாங்களே அதைச் சட்டென்று தள்ளியிருப்போம்.

அவர் மறுபடியும் தரையில் கல்லைப் பரத்தி, அந்த ஒரு சாணை அளந்து பார்த்தார். கடைசியில், "வெள்ளத்த நாம கொண்டு போவோம்," என்றார்.

"ஆளுக்கும் மாட்டுக்கும் அத்தனைக்குமா?"

"ஒரு வண்டி முழுசும் வெள்ளம். கல்யாணக் குட்டுவம் நாலு வாங்கும். வாயில வாழையில போட்டு, சணல் கட்டி, சுத்தி வைக்கோலத் திணியும். எல்லை தாண்டுகது வரைக்கும் அதத் தொடப்பிடாது. நானும் வாறேன்."

"இந்தக் கால்முட்ட வச்சிட்டா?"

"வெள்ளம் இல்லாத எடத்துக்கு வழி சொல்லி ஆளுகளக் கொன்னாம்னு எம்பேரு கெடக்காண்டாம். வெள்ள வண்டியில நான் இருக்கேன்."

அவர் கூட வருகிறார் என்று தெரிந்ததும் போன நாலில் இரண்டு வண்டி திரும்பி வந்தது. ஆள் வண்டி அஞ்சு, வெள்ள வண்டி ஒன்று. குட்டுவம் என்றால் கல்யாண வீட்டில் சோற்றுக்கு உலை வைக்கிற பெரிய செம்புப் பாத்திரம். அதைக் கொடுத்த வீட்டுக்காரர், "நசுங்கிச் சளுக்கு விழுந்தா உம்ம கல்யாணத்துக்கு நான் எங்க போவேன்?" என்றார். எனக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருசம். அவருக்கு எல்லாவற்றுக்கும் அதே பேச்சுதான்.

புறப்பட்ட அன்றைக்கு மழை. எல்லை வரைக்கும் மழை. கால்வாயெல்லாம் கரை தொட்டு ஓடுகிறது, வயல் எல்லாம் பளபளவென்று கிடக்கிறது, தவளைச் சத்தம் காதை அடைக்கிறது. அதற்கு நடுவே நாங்கள் நனைந்துகொண்டு ஒரு வண்டி வெள்ளத்துக்குக் காவலாகப் போகிறோம். எல்லைச் சாவடியில் அந்தப்பக்கத்துச் சேவகன் நிறுத்தினான்.

"குட்டுவத்துல என்னவே?"

"தண்ணி," என்றார் வழிக்காரர்.

அவன் நம்பவில்லை. ஒரு கட்டை அவிழ்த்து, விரலை விட்டு மோந்தான், நக்கினான், இன்னொரு தடவை நக்கினான். "கள்ளுமில்ல, சாராயமுமில்ல. மழையில நனைஞ்சிக்கிட்டே தண்ணியக் கட்டித் தூக்கிட்டுப் போற ஆளுவள இன்னைக்குத்தான் பாக்கேன். போங்கவே, போங்க."

அவன் சிரித்தது எங்களுக்குக் கோபம். ஆனால் எல்லை தாண்டி ஒரு நாள் போனதும் மழை நின்றுவிட்டது. மலைக்கு அந்தப்பக்கம் வேறு ஆகாசம். குளங்களில் வெடிப்பு, ஆடு மேய்கிறது. கார்டு சொன்னது சரிதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். எதிரே ஒரு பனையோலை வண்டி வந்தது. மாமா தலையை நீட்டிக் கேட்டார்.

"தேரிச் சத்திரத்தில வெள்ளம் உண்டுமா?"

அந்த வண்டிக்காரன் ஆகாசத்தைப் பார்த்தான். "வெள்ளமா? மழைய இன்னும் கண்ணாலயே பாக்கலயே, எங்கயிருந்து வெள்ளம் வரும்?" என்று சொல்லி மாட்டைத் தட்டிக்கொண்டு போனான்.

அதோடு எங்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிற்று. மாமா வெள்ள வண்டிக்கு மாறி, நாழியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆளுக்கு வேளைக்கு ஒரு நாழி. மாட்டுக்குத் தனி அளவு. சித்தப்பா பாத்திரத்தை நீட்டியபோது அளவு கொஞ்சம் தாழ்ந்திருந்ததுபோல.

"நெறைய ஊத்தும்," என்றார் சித்தப்பா.

"இதுதான் எல்லாருக்கும்."

"வரப்பையும் இப்பிடித்தான் அளந்தீரு."

ஆறேழு வருசத்துக்குப் பிறகு அவர்கள் பேசின முதல் பேச்சு அதுதான். வழிக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

சிரிப்பெல்லாம் அத்தோடு சரி. மறுநாள் தேரிக்குள் இறங்கினோம். சக்கரம் பாதி மணலுக்குள். ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். உச்சைவெயிலுக்கு மணல் சட்டிபோலக் கொதித்தது. பிள்ளையின் உடம்பு சுட ஆரம்பித்தது. முதலில் வெயில் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் வயிறும் சுடுகிறது. என் வீட்டுக்காரி தன் பங்கு வெள்ளத்தையும் அவனுக்கே கொடுத்துவிட்டாள் என்று மயினி சொன்னாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அந்த முகத்தை அதற்கு முன்னால் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை தங்கவேண்டும் என்றுதான் நேர்ந்தது. அந்த நேர்ச்சைக்காக வெள்ளமில்லாத காட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறோமே. திரும்பலாமா என்று வழிக்காரரிடம் கேட்டேன்.

"திரும்பினாலும் இதே தூரந்தான் மக்கா. வண்டியத் தள்ளு," என்றார். மூன்றாவது குட்டுவம் பாதிக்கு வந்துவிட்டது. அவரும் காலையிலிருந்து ஒரு சொட்டு குடிக்கவில்லை, நான் கவனித்தேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் சத்திரத்து ஓடு தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டது. கிணற்று ராட்டு கிறீச்சிடுகிற சத்தம். எனக்கு அது நிஜமாகப் படவில்லை. கிட்டே போனால் ஒரு பெண் கிணற்றடியில் நின்று அரிசி களைந்து, களைந்த தண்ணீரை ஒரு குடம் அப்படியே மண்ணில் கவிழ்க்கிறாள்.

வழிக்காரர் வண்டியிலிருந்து முழங்கால் முட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சத்திரத்துக் காரியக்காரர் துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"வாங்க, வாங்க. மேக்க இருந்துதான வாறிய? கார்டு போட்டவிய?"

"கிணத்தில தண்ணி கெடக்கா?"

"கெடக்காவா? ரெண்டு பாகம் கயிறு விட்டா போதும். எங்க தாத்தா காலத்துலயிருந்து வத்தினது கெடையாது."

"பொறவு என்னத்துக்குவே இல்லன்னு எழுதினீரு?"

"நான் எப்பம் எழுதினேன்?"

நான் மடியில் இருந்த கார்டை எடுத்து நீட்டினேன். அவர் வாசித்தார். "வெள்ளம் கிடையாதுன்னுலா எழுதியிருக்கேன்? சரியாத்தான எழுதியிருக்கேன்? ஐப்பசி மாசமாச்சே, ஓடையில வெள்ளம் வந்தா வண்டி எறங்காதே, அதத்தான் கேக்கிய போலன்னு நெனச்சேன். முன்ன ஒரு வருசம் ஒரு வண்டி மாட்டோட அடிச்சிட்டுப் போச்சு. இந்த வருசம் பயமில்ல, வாங்கன்னு எழுதினேன்."

அவர் கார்டைத் திருப்பி, மறுபடியும் ஒரு தடவை வாசித்தார்.

"உங்க ஊருல வெள்ளம்னா என்ன?" என்று அவரே கேட்டார்.

"குடிக்கது," என்றார் மாமா.

காரியக்காரர் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தார். வைக்கோல், வாழையிலை, செம்புக் குட்டுவம். "அதுல என்ன?"

சித்தப்பாதான் மெதுவாக, "வெள்ளம்," என்றார்.

அந்த மனுசன் படியில் உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியைப் பார்த்து, மறுபடியும் சிரித்தார். எங்களுக்கும் வந்துவிட்டது. மயினி, "எம்மா, தைரியமா வந்துட்டோம்!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு ஒரே கூத்து. வாளி மேல் வாளியாக இறைத்து ஆளுக்கு ஆள் தலையில் கொட்டிக்கொண்டார்கள். மாடுகள் தொட்டியில் முகத்தை முக்கியபடி எடுக்கவே இல்லை.

பிள்ளைக்குக் காரியக்காரரின் வீட்டுக்காரி பனங்கற்கண்டு கரைத்த நீர் கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரி அவனைக் கிணற்றடியில் நிறுத்தி, ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஒரு நாழிகையில் சூடு இறங்கியது. இன்னும் கொஞ்சத்தில் அவன் ராட்டுக் கயிற்றைப் பிடித்துத் தொங்கப் பார்த்தான். அப்போதுதான் எனக்குக் காலில் மணல் சுட்ட கொப்புளம் வலிக்க ஆரம்பித்தது. அதுவரைக்கும் தெரியவில்லை.

வழிக்காரர் இரண்டு கையையும் குவித்து, நெடுநேரம் குடித்தார். பிறகு கிணற்றுச் சுவரைத் தட்டிக் கொடுத்தார், மாட்டைத் தட்டுவதுபோல. "கண்டத நம்பாம, எழுதினத நம்பினேன் பாத்தியா. எனக்கு வேணும்," என்றார்.

மறுநாள் திருச்செந்தூர் சேர்ந்தோம். சஷ்டிக் கூட்டம், மணலே தெரியவில்லை. கடற்கரையில் நாவிதர் பிள்ளையை மடியில் அமர்த்தி முடியை ஈரமாக்கினார். பிள்ளை அழுவான் என்று நினைத்தேன். அவன் தன் முடி கொத்தாக விழுவதை வேடிக்கை பார்த்தான். என் வீட்டுக்காரி முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள். முழுசும் இறங்கியதும் தலை சின்னதாக, வெள்ளையாக ஆகி, யாரோ வேறு பிள்ளைபோல இருந்தான். சந்தனம் பூசினோம். பூசின கை எடுப்பதற்கு முன்னால் வழுக்கிக்கொண்டு அலையைப் பார்த்து ஒரே ஓட்டம்.

"ஏலே சவமே! அங்க போவாதல, சவமே!"

கத்தியது என் வீட்டுக்காரி. எங்கள் ஊரில் சவம் என்பது ஒரு திட்டே கிடையாது. தாய் பிள்ளையை வையவும் அதுதான், கொஞ்சவும் அதுதான், நாளைக்கு நூறு தடவை எல்லா வீட்டிலும் கேட்கும். மூன்று வருசத்தில் அந்த வார்த்தை எங்கள் வீட்டில் வந்ததில்லை. அடுத்த வீட்டுக்காரி அவனை அப்படிச் சொன்னதற்காக அவளோடு இரண்டு மாசம் பேசாமல் இருந்தவள் இவள்.

பிள்ளை நின்று திரும்பி, தன்னைத்தானா என்பதுபோலப் பார்த்தான். அவன் அம்மை அவனை வைததே இல்லையே. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இன்னும் வைதுகொண்டே அவன் பின்னால் ஓடினாள்.